பேஜர் ஒலித்தால் கடலுக்கு: உயிர்மீட்புப் படகுக் குழுவில் தன்னார்வலராகச் சேர முழுமையான வழிகாட்டி

பிரிட்டன், அயர்லாந்து கடற்கரைகளில் ஒருவர் அலையில் சிக்கிக்கொண்டால் அவரைத் தேடிப் புறப்படும் படகில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்காதவர்கள். ஆசிரியர், தச்சர், கடைக்காரர், செவிலியர் எனப் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அவர்களை ஒருங்கிணைக்கும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்னும் ஆர்.என்.எல்.ஐ. அரசுத் துறை இல்லை. நன்கொடையில் இயங்கும் அறக்கட்டளை. மேன் தீவில் வாழ்ந்து, கரையோரம் கப்பல்கள் உடைவதைக் கண்ணால் கண்ட சர் வில்லியம் ஹிலாரியின் முயற்சியால் 1824 மார்ச் 4 அன்று லண்டனில் தொடங்கப்பட்டது. முதல் 200 ஆண்டுகளில் 1,46,000-க்கும் மேற்பட்ட உயிர்களை மீட்டிருக்கிறது. இன்று 238 நிலையங்கள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் அவற்றின் படகுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 முறை கடலில் இறங்கியிருக்கின்றன.

இந்தக் கரைகளில் வாழும் நம்மவர்களில் இதில் சேரும் எண்ணம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். பலர் தயங்குவதற்குக் காரணம், தாங்கள் பெரிய நீச்சல் வீரர்களோ கடலோடிகளோ இல்லை என்பதுதான். அந்தத் தயக்கம் தேவையற்றது. குழுவினரில் கடல்சார்ந்த தொழிலிலிருந்து வருபவர்கள் பத்தில் ஒருவர் அளவே. படகு ஓட்டுவதையும் கயிறு கட்டுவதையும் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரு வேலைநாளின் முற்பகல் பதினோரு மணிக்குப் பேஜர் என்னும் அழைப்புக் கருவி ஒலித்தால் சில நிமிடங்களில் வந்து நிற்கக்கூடிய ஆள் கிடைப்பதுதான் நிலையங்களுக்குக் கடினம்.

படி 1: யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடலில் ஆபத்து என்றால் 999 அல்லது 112 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும். படகில் இருப்பவர்கள் விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் சேனலில் அழைப்பார்கள். மீட்புப் பணி முழுவதையும் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படைதான். ஹெலிகாப்டர் தேவையா, பாறை மீட்புக்குழு போக வேண்டுமா, எந்த நிலையத்தின் படகு அருகில் இருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் பார்க்கிறார்கள். பிறகு அந்த நிலையத்தில் படகை இறக்க அதிகாரம் பெற்றவரிடம் கோரிக்கை வைப்பார்கள். அவர் காற்றையும் அலையையும் நிலைமையையும் எடைபோட்டு ஒப்புதல் தந்தபின் குழுவினரின் பேஜர்கள் ஒலிக்கும். படகு இறங்கியதும் அதன் முழுப் பொறுப்பு தலைவருக்கு. பெரிய படகில் அவர் காக்ஸ்வெய்ன், சிறிய படகில் ஹெல்ம்.

இந்த வரிசை மனத்தில் பதிய வேண்டும். கரையில் நின்று ஒருவர் தத்தளிப்பதைப் பார்த்தாலும் குழு உறுப்பினர் தானாகப் படகை எடுத்துக்கொண்டு போக முடியாது.

படி 2: உங்கள் வாழ்க்கை இதற்கு இடம் தருமா?

விண்ணப்பத்துக்கு முன் மூன்று விஷயங்களை நேர்மையாகப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது தூரம். வீடோ வேலையிடமோ நிலையத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். எவ்வளவு அருகில் என்பதை ஒவ்வொரு நிலையமும் தன் தேவைக்கேற்ப முடிவு செய்கிறது. சொந்தக் காரில் விரையும்போது உங்களுக்கு நீல விளக்கும் கிடையாது, வேகவரம்பில் விலக்கும் கிடையாது. போக்குவரத்து நெரிசல் உள்ள ஊரில் வரைபடம் காட்டும் தூரத்தை நம்பாமல், சனிக்கிழமை மாலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் நேரத்தின் மீது உரிமை உள்ளவர்கள். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, வேலை நடுவே எழுந்து போக அனுமதி வாங்குங்கள். வீட்டாரிடமும் பேசுங்கள். நள்ளிரவில் நீங்கள் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், விருந்தின் நடுவே தனியாக விடப்படுபவர், புயல் இரவில் விழித்துக் காத்திருப்பவர் அவர்கள்தான். அவர்களும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் முணுமுணுப்போடு தொடங்குபவர்கள் நீடிப்பது கடினம்.

மூன்றாவது உடல். குறைந்தபட்ச வயது 17. 18-க்குள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். உடல்நலத் தகுதியும் கண்பார்வையும் சோதிக்கப்படும். முதுகுவலி, முழங்கால் பிரச்சினை இருந்தால் மறைக்காதீர்கள். 25 நாட் (மணிக்கு ஏறத்தாழ 46 கி.மீ.) வேகத்தில் அலைமேல் ஏறி விழும் படகு ஒவ்வொரு அடியையும் முதுகெலும்பில் இறக்கும். ஆண், பெண் வேறுபாடு கிடையாது. நார்வேயைச் சேர்ந்த எலிசபெத் ஹோஸ்ட்வெட் 1969-இலேயே வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில் கரையோரப் படகுக் குழுவில் தகுதி பெற்றுவிட்டார்.

படி 3: நிலையத்துக்குப் போய் முகம் காட்டுங்கள்

இணையத்தில் காலியிடங்கள் வெளியாகும். ஆனாலும் நேரில் போவதே நல்லது. பெரும்பாலான நிலையங்களில் வாரந்தோறும் பயிற்சி மாலை உண்டு. அன்று போய், ஆர்வம் இருப்பதைச் சொல்லி, ஓரமாக நின்று கவனியுங்கள். குழு எப்படிப் பேசிக்கொள்கிறது, புதியவர் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் வருகிறது என்பதில் அந்த நிலையத்தின் குணம் தெரியும்.

படகில் ஏறுவது மட்டுமே பணி இல்லை. டிராக்டர் ஓட்டிப் படகை நீரில் இறக்குபவர், இறக்கத்தை அனுமதிப்பவர், வானொலியில் செவிவைத்திருப்பவர், திரும்பி வரும் படகை வாங்கிக் கழுவுபவர் எல்லோரும் சேர்ந்துதான் குழு. பெரிய படகுள்ள நிலையங்களில் மெக்கானிக் பெரும்பாலும் முழுநேர ஊழியர். சிலவற்றில் காக்ஸ்வெய்னும் அப்படியே. படகுக் குழுவில் இடம் இல்லையென்றால் கரைக்குழுவில் சேருங்கள். கரையில் நின்று ஏவுதலையும் மீட்டெடுத்தலையும் பார்த்துப் பழகியவர் பிறகு படகில் ஏறும்போது நிதானமாக இருப்பார்.

படி 4: தகுதிகாண் காலம்

முதல் மாதங்களில் வீரச்செயல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். முடிச்சுகள், வானொலி ஒழுங்கு, கடல் வரைபடம், ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணை, ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் பொருள்: இவைதான் பாடம். இருட்டில், ஈரக் கையுறையோடு, ஆடும் தளத்தில் முதலுதவிப் பையை எடுத்துத் தர முடிகிறதா என்பதுதான் தேர்வு. பௌலைன் முடிச்சைப் பார்க்காமல் போடும் வரை வீட்டில் நாற்காலிக் காலில் பழகுங்கள்.

உங்கள் நிலையத்தின் படகைப் பொறுத்து வேலையின் தன்மையே மாறும். டி வகுப்பு ஏறத்தாழ 5 மீட்டர் நீளக் காற்றடைத்த படகு. மூன்று பேர், ஒற்றை வெளியியந்திரம், கூரை கிடையாது. கரையோரப் பாறைகளுக்கும் உடையும் அலைகளுக்கும் நடுவே அதற்கு இணை இல்லை. கவிழ்ந்தால் குழுவினரே கையால் நிமிர்த்துவார்கள். அட்லாண்டிக் 85 அதைவிடப் பெரியது, 35 நாட் வேகம் போகும். கவிழ்ந்தால் மேற்சட்டத்தில் உள்ள காற்றுப்பையை ஊதவைத்து நிமிர்த்தலாம். ஷானன், டமார், செவர்ன் போன்றவை எல்லா வானிலைக்குமானவை. தாமாகவே நிமிர்ந்துவிடும். ஷானனுக்குச் சுழலி (புரொப்பெல்லர்) கிடையாது. நீரைப் பீய்ச்சித் தள்ளும் ஜெட் இயந்திரங்கள் இருப்பதால் மணலிலேயே ஏறி நிற்கும்.

பயிற்சியின் ஒரு பகுதி டோர்செட் மாநிலப்பகுதியின் பூல் நகரில் 2004-இல் திறக்கப்பட்ட கல்லூரியில் நடக்கும். அங்குள்ள குளத்தில் செயற்கை அலை, இருள், மழை, இடியோசை எல்லாம் உண்டு. கவிழ்ந்த படகின் கீழிருந்து வெளியேறுவது, உயிர்த்தெப்பத்தில் ஏறுவது, ஒருவரையொருவர் பற்றி வெப்பத்தைக் காப்பது ஆகியவற்றை அங்கே செய்து பார்க்க வேண்டும். உங்கள் உயிரைக் காப்பது எப்படி என்பதை முதலில் கற்பிப்பதில் நியாயம் இருக்கிறது. மீட்கப் போனவரே நீரில் விழுந்தால் தேட வேண்டியவர்கள் இரண்டாகிவிடுவார்கள்.

படி 5: அழைப்பு வந்த நிமிடம்

அழைப்பைக் குழுவினர் ‘ஷவுட்’ என்பார்கள். பேஜர் ஒலித்ததும் அடுப்பை அணையுங்கள், சாவியை எடுங்கள், சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டுங்கள். மது அருந்தியிருந்தால் போகக்கூடாது. அதில் விவாதத்துக்கே இடமில்லை. காய்ச்சலோ, இரு இரவு தூக்கமின்மையோ இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தேவைக்கு மேல் ஆட்கள் வந்தால் யார் ஏறுவது என்பதைத் தலைவர் தீர்மானிப்பார். அனுபவம், அன்றைய பணி, வானிலை, உடல் வலிமை எல்லாம் கணக்கில் வரும். 1981 டிசம்பர் 19 அன்று கார்ன்வாலின் மவுஸல் கிராமத்தில் பென்லீ நிலையத்தின் சாலமன் பிரவுன் படகு, இயந்திரம் நின்ற யூனியன் ஸ்டார் கப்பலை நோக்கிக் கிளம்பியது. சூறாவளிக் காற்று. காக்ஸ்வெய்ன் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் அன்றிரவு ஒரே குடும்பத்திலிருந்து இருவரை ஏற்ற மறுத்து, தந்தை ஏறிவிட்ட ஓர் இளைஞரைக் கரையிலேயே நிறுத்தினார். படகில் போன எட்டுப் பேரும் திரும்பவில்லை. கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இறந்தனர். ‘நீ நில்’ என்று தலைவர் சொன்னால் மனம் சுருங்காமல் நின்றுவிட வேண்டும். கரையில் செய்ய வேண்டியதும் ஏராளம்.

உடை மாற்றும் இடத்தில் அவசரம் தவறை வளர்க்கும். உலர் உடையின் கழுத்தும் மணிக்கட்டும் சரியாக மூடியிருக்கின்றனவா, உயிர்காப்பு அங்கியின் பட்டைகள் இறுகியிருக்கின்றனவா, தலைக்கவசம் பூட்டியிருக்கிறதா என்று உங்களை அடுத்தவரும் அடுத்தவரை நீங்களும் சோதியுங்கள்.

படி 6: தேடல்

ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினமான பகுதி. அலைக்கு மேலே தெரிவது ஒரு தலை, தேங்காய் அளவுதான். சூரியன் நீரில் பளபளக்கும்போது அது பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

முதல் கேள்வி, கடைசியாக எங்கே, எப்போது பார்த்தார்கள் என்பது. அடுத்த கேள்வி, அதன்பின் எவ்வளவு நகர்ந்திருப்பார் என்பது. நீரில் நிமிர்ந்து மிதக்கும் மனிதர் பெரும்பாலும் நீரோட்டத்தோடு போவார். காற்றடைத்த பொம்மைப் படகில் இருப்பவரைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று என்றால் அது வியக்கத்தக்க வேகத்தில் விலகிவிடும். இருவரும் ஒரே இடத்தில் கிளம்பியிருந்தாலும் அரை மணி நேரத்தில் வெவ்வேறு திசையில் இருப்பார்கள். ஆகவே எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத் தேடும் பகுதியே மாறும்.

இடம் துல்லியமாகத் தெரிந்தால் கோணத் தேடல்: மையத்தின் வழியே போய், ஒவ்வொரு முறையும் 120 பாகை வலப்பக்கம் திரும்பி முக்கோணங்களாகச் சுற்றுவது. மையத்தை மீண்டும் மீண்டும் கடப்பதால் தவறவிடும் வாய்ப்பு குறையும். சற்றுத் தெளிவின்மை இருந்தால் விரியும் சதுரம்: மையத்திலிருந்து தொடங்கி 90 பாகை திரும்பித் திரும்பி, இரு பக்கங்களுக்கு ஒருமுறை நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவது. பரப்பு பெரிது, படகுகள் பல என்றால் இணைகோடுகள்.

குழு உறுப்பினராக உங்கள் வேலை கண். தலைவர் ஒரு பகுதியை ஒதுக்குவார். அதை விட்டுப் பார்வை நகரக்கூடாது. அருகிலிருந்து தொலைவுக்கு, தொலைவிலிருந்து அருகுக்கு, மெதுவாக. எதையாவது கண்டால் உடனே கையை நீட்டுங்கள். அதை நோக்கிய கையையும் கண்ணையும் எடுக்கவே கூடாது; ஒரு கணம் திரும்பினால் இழந்துவிடுவீர்கள். இரவில் தேடுவிளக்கு உயிர்காப்பு அங்கியின் மின்னும் பட்டைகளில் பட்டுத் திரும்பும். அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்திக் காது கொடுங்கள். கண்ணுக்குத் தப்பியவரின் விசில் காதுக்கு எட்டக்கூடும்.

படி 7: நீரிலிருந்து தூக்குதல்

இந்தக் கடல்களின் சராசரி வெப்பநிலை 12 பாகை செல்சியஸ் அளவு. 15-க்குக் கீழ் குளிர்நீர் அதிர்ச்சி வரும்: விழுந்தவுடன் தன்னையறியாமல் மூச்சு இழுத்து, நீரை உள்ளே வாங்கிவிடுவார்கள். அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் பலர் இறக்கிறார்கள். அதைத் தாண்டியவர்களுக்கு அடுத்த அரை மணிக்குள் விரல்களும் கைகளும் வலிமை இழக்கும். நல்ல நீச்சல்காரரும் நீந்த முடியாமல் போவது அப்போதுதான். கடுங்குளிரால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அதற்கும் பிறகு. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியது விளங்கும்: மிதப்பவரிடம் கயிற்றை வீசி ‘பிடித்துக்கொள்’ என்று கத்திப் பயனில்லாமல் போகலாம். அவர் விரல்கள் மூடாது. நாம்தான் பிடிக்க வேண்டும்.

அணுகும்போது வேகத்தைக் குறைத்து, காற்றையும் நீரோட்டத்தையும் படகின் அணியம் (முன்முனை) எதிர்கொள்ளும்படி வந்து, ஆள் பக்கத்தில் வந்ததும் இயந்திரத்தை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். சுழலி எப்போதும் அவரிடமிருந்து விலகியே இருக்கட்டும். பீதியில் இருப்பவரிடம் உரத்த, சுருக்கமான சொற்களில் பேசுங்கள். இத்தகைய நேரத்தில் தாய்மொழியில் ஒலிக்கும் ஒரு சொல் ஒருவரை எவ்வளவு அமைதிப்படுத்தும் என்பதை நாம் அறிவோம்.

நீரில் நெடுநேரம் இருந்தவரை முடிந்தவரை படுக்கைவசமாகத் தூக்க வேண்டும். நீரின் அழுத்தம் கால்களைச் சுற்றி இருந்தவரை இரத்தம் மேலே நின்றது. செங்குத்தாகத் தூக்கினால் அது கீழே இறங்கி இரத்த அழுத்தம் சரியும். மீட்கப்பட்டவர், மீட்கப்படும் கணத்திலேயே மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுந்து நடக்கவிடாதீர்கள்; கைகால்களைத் தேய்க்காதீர்கள். உடனே மூழ்கும் நிலையில் இருப்பவர் என்றால் மட்டும் எப்படியாவது படகுக்குள் கொண்டுவருவதே முதன்மை.

மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து செயற்கை மூச்சு, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது ஆக்சிஜன். படகில் ஆக்சிஜன் உருளையும், காயத்துக்கேற்ப எதைச் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் சோதனை அட்டைகளும் இருக்கும். கை நடுங்கும்போது நினைவை நம்பாமல் அட்டையைப் பாருங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது. நீரை உள்ளிழுத்தவர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நுரையீரல் சிக்கல் பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

படி 8: இழுவை, பாறை, ஓதம்

பல அழைப்புகள் இயந்திரம் நின்ற படகுக்கானவை. இழுவைக் கயிற்றின் நீளம், இரு படகுகளும் ஒரே நேரத்தில் அலைமுகட்டில் ஏறும்படி அமைய வேண்டும். இல்லையென்றால் கயிறு தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபடும். இறுகிய கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் அது திரும்பி அடிக்கும் வேகம் உயிரைப் பறிக்கும். துறைமுகத்துக்குள் நுழையுமுன் கயிற்றைச் சுருக்கியோ, பக்கவாட்டில் சேர்த்துக் கட்டியோ கட்டுப்பாட்டை மீட்டுக்கொள்வார்கள். மீட்கப்பட்டவரிடம் ஆர்.என்.எல்.ஐ. கட்டணம் கேட்பதில்லை.

பாறை அடியில் சிக்கியவரை எடுக்க ஒரு பழைய உத்தி இன்றும் கற்பிக்கப்படுகிறது. அலையை எதிர்நோக்கித் தொலைவிலேயே நங்கூரத்தைப் போட்டு, அதன் கயிற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பின்வாக்கில் பாறையை நெருங்குவது. இயந்திரம் நின்றாலும் நங்கூரம் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கயிற்றை இழுத்து வெளியேறலாம். நங்கூரக் கயிறு உங்கள் கையில் இருந்தால், தலைவரின் குரலைத் தவிர வேறு எதற்கும் செவி கொடுக்காதீர்கள்.

ஓதத்தைப் பற்றித் தனியாகவே படிக்க வேண்டும். பிரிஸ்டல் கால்வாயில் நீர்மட்ட வேறுபாடு சில நாட்களில் 14 மீட்டரை எட்டும். மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு, சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் ஏறிவந்த நீரில் இறந்தனர். சேற்றிலும் மணலிலும் படகு உதவாது என்பதால் அங்கே காற்று மெத்தையில் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள்.

படி 9: திரும்பிய பிறகு

ஷவுட் முடிந்தது என்பது படகு கரையேறியதும் இல்லை. நன்னீரால் கழுவி, எரிபொருள் நிரப்பி, பயன்படுத்திய மருந்தை ஈடுசெய்து, அடுத்த அழைப்புக்குத் தயார் என்று அறிவித்த பிறகுதான் வீடு. அதிகாலை மூன்று மணியானாலும் அப்படித்தான்.

சில நாட்களில் உயிரோடு எவரையும் கொண்டுவர மாட்டீர்கள். ஒரு குழந்தையின் உடலைத் தூக்க நேரலாம். அன்றிரவே குழுவாக அமர்ந்து என்ன நடந்தது என்று பேசுங்கள். ஆர்.என்.எல்.ஐ.யில் ட்ரிம் என்ற முறை உண்டு: பயிற்சி பெற்ற சகாக்கள் சில நாட்கள் கழித்து உங்களைச் சந்தித்து, தூக்கம், எரிச்சல், திரும்பத் திரும்ப வரும் காட்சிகள் பற்றிக் கேட்பார்கள். நமக்குள் துயரை விழுங்கிக்கொள்ளும் பழக்கம் அதிகம். இந்தப் பணியில் அது வேண்டாம். கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்.

கடலருகே வாழாதவர்கள் என்ன செய்யலாம்?

நிதி திரட்டலாம், நீர்ப்பாதுகாப்புத் தன்னார்வலராகலாம். தமிழில் இந்தப் பணி அவசரமாகத் தேவைப்படுகிறது. 2016 ஆகஸ்ட் 24 அன்று கிழக்கு சஸ்ஸெக்ஸின் கேம்பர் மணற்கரையில், லண்டனிலிருந்து கடல் பார்க்கப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் நீரில் இறந்தனர். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் இல்லை. தட்டையாக, அமைதியாகத் தெரியும் மணற்கரையிலும் ஏறும் நீர் மணல்திட்டுகளைச் சுற்றிவந்து பின்பக்கம் ஆழமாக்கிவிடும் என்பது உள்நாட்டு நகரங்களிலிருந்து வருபவர்களுக்குத் தெரிவதில்லை.

கோயில் மண்டபத்திலும் தமிழ்ப் பள்ளியிலும் கோடை விடுமுறைக்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கி இவற்றைச் சொல்லுங்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டும் நீரில் இறங்குங்கள். காற்றடைத்த பொம்மைகளைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீரில் தத்தளித்தால் நீந்த முயலாமல் தலையைப் பின்னே சாய்த்து, காதுகள் நீரில் இருக்கும்படி மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை கைகளை மெல்ல அசையுங்கள். பிறகு உதவிக்குக் கூப்பிடுங்கள். வேறொருவர் தத்தளிப்பதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காமல் 999-ஐ அழைத்து, மிதக்கும் எதையாவது அவரை நோக்கி எறியுங்கள். குழந்தைகளை ஒரு நீச்சல் குளத்துக்கு அழைத்துச் சென்று அந்த மிதப்பை ஒருமுறையாவது செய்துபார்க்க வையுங்கள்.